முதல் சனிக்கிழமையே ஒரு நிமிடப் படம்: தமிழில் ஊடகப் பணி செய்யும் மாணவர்களுக்கு

"நான்கு பேர் குழு. ஏழு நிமிடக் காணொளி. தமிழில். ஆறு வாரம்." ஆசிரியர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் குழுவில் யாராவது ஒருவர் எடிட்டிங் செயலியைப் பதிவிறக்க ஆரம்பித்திருப்பார். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். முதல் இரண்டு வாரம் முழுக்க டாவின்சி ரிசால்வ் பாடங்களை யூடியூபில் பார்த்தோம். வண்ணம் திருத்துவது, திரைக்குள் திரை வைப்பது எல்லாம் தெரிந்துவிட்டது. திருத்துவதற்கு ஒரு காட்சிகூடக் கையில் இல்லை.

இப்போது தம்பி தங்கைகள் யாராவது "எந்தச் செயலி நல்லது?" என்று கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: வரும் சனிக்கிழமை ஒரு நிமிடப் படம் எடுக்க முடியுமா? எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும், அம்மா டீ ஆற்றுவதுகூடப் போதும். ஆனால் அது முழுப் படமாக இருக்க வேண்டும். ஃபோனில் எடுத்து, வெட்டி ஒட்டி, தமிழில் தலைப்பும் துணைத்தலைப்பும் போட்டு, ஏற்றுமதி செய்து, வேறொருவருடைய கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆறு வாரத்தில் வரப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசி அந்த ஒரு நிமிடத்திலேயே தலைகாட்டிவிடும். எதைக் கற்க வேண்டும் என்ற பட்டியலும் தானாகக் கிடைத்துவிடும்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன், கீழே அடிக்கடி வரும். குழுத் தோழி ஒருத்தியின் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் கடைசியில் பிரிட்டிஷ் படைகள் கிளம்பிப் போனதை நேரில் பார்த்தவர். இப்போது ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார். அவர்தான் எங்கள் படம்.

கையில் என்ன கருவி இருக்கிறது?

உயர்நிலைப்பள்ளி மாணவர் என்றால் முதலில் உங்கள் பள்ளிக் கணினியைப் பாருங்கள். 2021 முதல் உயர்நிலைப்பள்ளி மாணவர் எல்லாரிடமும் தனிக் கற்றல் சாதனம் இருக்கிறது. ஆனால் அதில் நிர்வாகச் செயலி ஒன்றும் சேர்ந்தே வருவதால் நினைத்ததையெல்லாம் நிறுவ முடியாது. குரோம்புக் என்றால் ரிசால்வ், ஒலி திருத்தும் ஆடாசிட்டி போன்றவற்றை மறந்துவிடலாம்; உலாவியில் ஓடும் செயலிகள்தான் கதி. ஐபேட் என்றால் ஐமூவி இலவசம், முதல் படத்துக்கு அது தாராளம். வீட்டில் 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இருந்தால் ரிசால்வின் இலவசப் பதிப்பை நிம்மதியாக ஓட்டலாம். அதற்குக் குறைவான கணினியில் ஓட்ட முயன்று நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

கேப்கட் எளிது, வேகமானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் நிறைய அலங்காரங்கள் கட்டணப் பதிப்புக்கு உரியவை. எல்லாவற்றையும் போட்டு முடித்து ஏற்றுமதி செய்யும் நேரத்தில்தான் காசு கேட்கும். 'புரோ' என்ற முத்திரை உள்ள எதையும் தொடாதீர்கள். தொடாமல் இருந்தால் படம் அழகாகவும் இருக்கும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

தமிழ் எழுத்தைச் சோதிப்பது

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். எடிட்டிங், ஒலி பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் ஆயிரம் பாடம் கிடைக்கும். இதற்குக் கிடைக்காது.

முதலில் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் இணையதளத்திலிருந்து வெட்டி ஒட்டும் பழக்கம் இருந்தால் இந்தப் பணியோடு அதை விட்டுவிடுங்கள். ஐஃபோன், மேக், விண்டோஸ் 11 ஆகிய மூன்றிலுமே அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளுக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அஞ்சலில் ஒலிப்பைப் பார்த்து அடிக்கலாம். தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஒரு வாரம் கை வலிக்கும், அப்புறம் பழகிவிடும்.

அடுத்தது எழுத்துரு. கீழே உள்ள வரியைப் படியெடுத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு செயலியிலும் ஒட்டிப் பாருங்கள்:

தேக்காவில் கொய்யா வாங்கிய சௌந்தரி ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் பேருந்து ஏறினாள்.

'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா? 'பே' சரியாக வருகிறதா? 'ஸ்ரீ' ஒரே எழுத்தாகச் சேர்ந்திருக்கிறதா? கொம்பு பின்னால் போய் நின்றாலோ, புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று முளைத்தாலோ அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் எழுத்துருவின் மேல் தப்பில்லை. பிரீமியர் புரோவில் விருப்பத்தேர்வுகளுக்குப் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்துப் பொறியைத் 'தெற்காசியா, மத்திய கிழக்கு' என்று மாற்றுங்கள். பிறகு எழுத்தைப் புதிதாக இடுங்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளிலும் விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் இதே போன்ற ஒரு தேர்வு இருந்தது.

எதுவும் சரிப்படவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தலைப்பைக் கூகுள் ஸ்லைட்ஸில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் செய்து படமாகச் சேமியுங்கள். அதை எடிட்டிங் செயலியில் காட்சிக்கு மேல் வைத்து, கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் கறுப்பு மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். ஒப்படைப்பதற்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு எங்கள் தலைப்பில் 'கொ' உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாங்கள் செய்தது இதைத்தான். முதல் வாரமே சோதித்திருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்போம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. துணைத்தலைப்புக்குத் தடித்த கோடு உள்ளதாக எடுங்கள். மெல்லிய எழுத்து ஃபோன் திரையில் காணாமல் போய்விடும்.

உறவினரோ கோயில் அலுவலகமோ கொடுக்கும் பழைய கோப்பைத் திறந்தால் "jkpo;" என்பதுபோல் குப்பையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. 1990களில் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியதும், 1997இல் தமிழ்நெட் மாநாட்டை இங்கே கூட்டியதும் அவர் முயற்சியால்தான். தமிழும் கணினியும் ஒத்துவராது என்று யாராவது சலித்துக்கொண்டால் இதை எடுத்துச் சொல்லலாம்.

காட்சி எடுக்கும் நாள்

காட்சியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஃபோன் போதும். கிடைமட்டமாகப் பிடியுங்கள், லென்ஸைத் துடையுங்கள், ஆட்டாதீர்கள். ஆனால் நம்மூருக்கே உரிய மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, விளக்கு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபோன் வழக்கமாக விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும். புளோக் கீழ்த்தளத்தின் குழல்விளக்குக்குக் கீழே அப்படி எடுத்தால் காட்சியில் பட்டை பட்டையாக ஓடலாம். ஐஃபோனில் கேமரா அமைப்புகளில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டு என்பதை இயக்கினால் 25 சட்டகம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் புரோ முறை இருந்தால் ஷட்டரை 1/50 என்று வையுங்கள்.

இரண்டு, ஈரப்பதம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் மூடுபனி பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் காத்திருங்கள். துடைத்துத் துடைத்து எண்ணெய் பூசாதீர்கள்.

மூன்று, வெயில். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் கண்கள் இரண்டும் கறுப்புக் குழியாகத் தெரியும். காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள்.

கொள்ளளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஃபோனில் 1080பி தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 60 எம்பி, 4கே என்றால் 170 எம்பி. தாத்தா கடைசிக் கப்பல் கிளம்பிய நாளைச் சொல்ல வாயெடுத்தார், "இடமில்லை" என்று ஃபோன் நின்றுவிட்டது. இன்னொரு முறை சொல்லுங்கள் தாத்தா என்று கேட்டோம். சொன்னார். ஆனால் முதல் முறை கண் கலங்கியதுபோல் இரண்டாம் முறை கலங்கவில்லை. ஏழு நிமிடப் படத்துக்கு 1080பி போதும். ஃபோனைக் காலி செய்து, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு உட்காருங்கள். நடுவில் அழைப்பு வந்தாலும் பதிவு நின்றுபோகக்கூடும்.

ஒலி, ஒலி, ஒலி

மங்கலான படத்தை மன்னிப்பார்கள். காதில் விழாத பேச்சை மன்னிக்க மாட்டார்கள். கையில் 20, 30 வெள்ளி இருந்தால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள், தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். காசு இல்லையா? இன்னொரு ஃபோனில் குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். இரண்டு பதிவும் தொடங்கிய பிறகு படத்தில் தெரியும்படி ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்தலாம்.

பேட்டி எடுக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். தாத்தாவுக்கு வியர்க்கும்தான், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போட்டு நிறுத்துங்கள். ஜன்னல் எம்ஆர்டி ரயில் பாலத்தைப் பார்த்து இருந்தால் வேறு அறைக்கு மாறுங்கள். விடியற்காலையில் குயில் கூவும். கவிதைக்கு நல்லது, ஒலிப்பதிவுக்கு ஆகாது. மாலையில் மைனாக் கூட்டம். ஆக, காலை ஒன்பது மணிதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

எல்லாரும் பேசாமல் இருக்க அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ஆடாசிட்டியில் அந்தப் பகுதியைத் தேர்ந்து 'இரைச்சல் மாதிரி எடு' என்று சொல்லிவிட்டு, முழுப் பதிவுக்கும் இரைச்சல் குறைப்பைப் போடலாம். 12 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தேக்கா சந்தை மாதிரி இரைச்சலான இடம் வேண்டும் என்றால் பேட்டியை அங்கே வைக்காதீர்கள். சந்தையின் ஒலியை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்து பேச்சுக்குக் கீழே மெதுவாக ஓடவிடுங்கள்.

கேட்காமல் யார் முகத்தையும் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு ஊழியர்களைப் படம் எடுக்கும் ஆசை வரும். சட்டையில் நிறுவனப் பெயர் தெரிந்தால் அவருக்கு வேலையிடத்தில் சிக்கல் வரலாம் என்பதை யோசியுங்கள். சம்மதக் கடிதத்தைத் தமிழிலேயே, அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: எதற்கு எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், பிறகு வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. கடை, கோயில், நூலகம் எதுவானாலும் பொறுப்பில் இருப்பவரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய செய்தி, பழைய படம்

பேச்சு மட்டும் ஏழு நிமிடம் ஓடினால் தூக்கம் வரும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்கள் இருக்கின்றன. தேதி தெரிந்தால் நேராக அந்த நாளுக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கலாம். நாங்கள் 1971 அக்டோபர், நவம்பர் இரண்டையும் புரட்டினோம். சில பக்கங்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும்; ஒரு மதியம் விக்டோரியா ஸ்திரீட் பக்கம் போய்வந்தால் முடிந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகள் எடுத்து வருகிறது. பேட்டிக்குப் போவதற்கு முன் அதில் ஒன்றிரண்டைக் கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நமக்கு அந்தப் பொறுமை இல்லை, தாத்தா மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி.

குடும்பப் புகைப்படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் எடுங்கள். அப்போதுதான் ஒரு முகத்தைப் பெரிதாக்கிக் காட்ட முடியும். எங்கிருந்து எடுத்தாலும் கடைசியில் பெயர் போடுங்கள். 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவருடைய படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால் அவரை அடையாளம் காட்ட வேண்டும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது.

துணைத்தலைப்பு

எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் தின்றது இதுதான். நாற்பத்தேழு நிமிடப் பேட்டியை எழுத்தாக்க வேண்டும். கூகுள் டாக்ஸை குரோமில் திறந்தால் குரல் தட்டச்சு உண்டு, மொழிப் பட்டியலில் 'தமிழ் (சிங்கப்பூர்)' என்றே இருக்கிறது. தாத்தாவின் பதிவை நேராக அதற்குப் போட்டுக் காட்டினோம்; பாதி காணோம். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஹெட்ஃபோனில் அவர் பேசுவதைக் கேட்டு, அதையே நாங்கள் நிதானமாகத் திரும்பச் சொன்னோம். எங்கள் குரலைக் கணினி நன்றாகவே எழுதியது. 'டாக்யார்டு', 'கம்பம்' (கிராமம்) போன்ற சொற்களை மட்டும் கையால் திருத்தினோம்.

பேசியதைப் பேசியபடியே எழுதுவதா, எழுத்துத் தமிழாக்குவதா என்று குழுவில் பெரிய சண்டை. "சாப்டுட்டு வேலைக்குப் போனோம்" என்று அவர் சொல்லும்போது கீழே "உணவு உண்டபின் பணிக்குச் சென்றோம்" என்று ஓடினால் சிரிப்பு வரும். தேர்வுத்தாள் மாதிரி இருக்கும். நாங்கள் அவருடைய சொற்களை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டலை மட்டும் சீராக்கினோம். ஆங்கிலத் துணைத்தலைப்பும் வேண்டுமென்றால் தானியங்கி மொழிபெயர்ப்பை முதல் வரைவாக மட்டும் எடுங்கள். நம்மூரில் 'பசியாறினோம்' என்றால் காலை உணவு சாப்பிட்டோம் என்று அர்த்தம். இயந்திரம் பசி தீர்ந்தது என்று எதையாவது எழுதி வைக்கும். செயற்கை நுண்ணறிவுக் குரலைக் கதைசொல்லியாக வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஈசூன், தோ பாயோ போன்ற இடப்பெயர் வந்தாலே தடுமாறும், ழகரத்தைக் கேட்கவே வேண்டாம். அதை எங்கே பயன்படுத்தினாலும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

துணைத்தலைப்பைத் தனியாக வைக்கும் எஸ்ஆர்டி கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடிலேயே செய்யலாம்:

1
00:00:12,000 --> 00:00:15,500
காலையில பசியாறிட்டு
டாக்யார்டுக்கு நடந்தே போவோம்

விநாடிக்குப் பின்னால் வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு நான்கு சொல், ஒரு தடவைக்கு இரண்டு வரி போதும், இரண்டு விநாடியாவது திரையில் நிற்கட்டும். வரி உடையும் இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். செயலியிடம் விட்டால் சில சமயம் சொல்லின் நடுவில் வெட்டும். நமக்கு வினைச்சொல் கடைசியில் வருவதால், தாத்தா சொல்லி முடிப்பதற்கு முன்பே நகைச்சுவையின் முடிவு திரையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் துணைத்தலைப்பை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ஒப்படைப்பதற்கு முன்

கோப்புகளுக்குத் தேதியோடு பெயர் வையுங்கள். 'கடைசி', 'கடைசி உண்மை', 'இதுதான் கடைசி' என்று மூன்று கோப்பு எங்களிடம் இருந்தன, தப்பானதைத்தான் முதலில் அனுப்பினோம். காட்சிகளை வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அதைவிட ஒரே மேகக் கோப்புறையில் எல்லாரும் போடுவது நல்லது. ஃபோன் காட்சியில் போகப்போக உதடும் குரலும் விலகினால், ஃபோன் சட்டக வேகத்தை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

எம்பி4, ஹெச்.264, 1080பி. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். துணைத்தலைப்பைக் காட்சியிலேயே பதித்து ஒரு பிரதி, பதிக்காமல் ஒரு பிரதி எடுங்கள். திரையிடும் அறையின் கணினியிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், குறிப்பாக ஒலியை.

பேட்டி கொடுத்தவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். பழைய தொலைக்காட்சி பலவற்றுக்கு ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவ்தான் படிக்கும், ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். படத்தோடு, வெட்டாத முழுப் பேட்டியின் ஒலியையும் எம்பி3யாக அதிலேயே போட்டோம். தாத்தா படத்தை ஒரு முறை பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஒலிப்பதிவை இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக் கேட்கிறாராம். நாங்கள் வெட்டி எறிந்த நாற்பது நிமிடத்தில்தான் அவருடைய அண்ணன் வருகிறார்.